காரணம் தெரியாத வலியோடு சாமி கும்பிட்ட வருடங்கள்

வயிற்று வலி என்று சொன்னால் கேட்பவருக்கு அது பெரிதாகவே தோன்றாது. நாளைக்குச் சரியாகிவிடும் என்பார்கள். எனக்கு முப்பத்தைந்து வயதை ஒட்டித் தொடங்கிய வலி நாளைக்கும் சரியாகவில்லை, அடுத்த வருடமும் சரியாகவில்லை. அலுவலகத்தில் எனக்கு வர வேண்டிய உயர்வு வேறொருவருக்குப் போனது. சேமிப்பில் பெரும்பகுதி கரைந்தது. என் மகள் வளர்ந்த சில வருடங்களில் நான் அவள் பக்கத்தில் இருந்தும் இல்லாதவளாக இருந்தேன். இதெல்லாம் நோய் வந்தால் நடப்பதுதான். ஆனால் சின்ன வயதிலிருந்து சாமி கும்பிட்டு வளர்ந்த ஒருத்திக்குக் காரணமே தெரியாத துன்பம் வந்தால் அவளுடைய பக்தி என்ன பாடுபடும் என்பதை யாரும் முன்கூட்டிச் சொல்லி வைக்கவில்லை. டாக்டர்கள் உடம்பைப் பற்றிப் பேசினார்கள், வீட்டுப் பெரியவர்கள் சாமியைப் பற்றிப் பேசினார்கள், இரண்டுக்கும் நடுவில் நான் தனியாகக் கிடந்தேன். அதே இடத்தில் இப்போது கிடக்கிற யாருக்காவது உதவட்டும் என்றுதான் எழுதுகிறேன்.

வலி தொப்புளுக்கு மேலே, சற்று வலப்பக்கமாகத் தொடங்கும். சாப்பிட்டாலும் வரும், சாப்பிடாவிட்டாலும் வரும். முதலில் ஒரு இறுக்கம், அப்புறம் உள்ளே யாரோ ஈரத்துணியைப் பிழிவது போல ஒரு முறுக்கு. முறுக்கத் தொடங்கிவிட்டால் நிமிர்ந்து நிற்க முடியாது. தூக்கம் வராத இரவுகளில் முழங்காலை மார்போடு சேர்த்துக்கொண்டு தரையில் படுத்துக் கிடப்பேன். வெந்நீர்ப் பை ஒன்றுதான் கொஞ்சம் ஆறுதல். அதைத் துணி சுற்றாமல் மாதக்கணக்கில் வைத்து வைத்து, வயிற்றுத் தோலில் வலை பின்னியது போலப் பழுப்பு நிறக் கோடுகள் விழுந்துவிட்டன. தொடர்ந்து சூடு படுகிற தோலுக்கு இப்படி ஆகும் என்று பின்னால் ஒரு டாக்டர் சொன்னார். எனவே வெந்நீர்ப் பை வைப்பவர்கள் தடிமனான துணி சுற்றி, கொஞ்ச நேரம் வைத்துவிட்டு எடுத்துவிடுங்கள். தூங்கும்போது வைத்துக்கொள்ளாதீர்கள்.

ஸ்கேன், எண்டோஸ்கோப்பி, கொலோனோஸ்கோப்பி, சிடி ஸ்கேன், அப்புறம் விதவிதமான ரத்தப் பரிசோதனைகள். எல்லாம் நார்மல். நார்மல் என்று கேட்டால் மனிதர் சந்தோஷப்பட வேண்டும். நான் ரிப்போர்ட்டைக் கையில் வைத்துக்கொண்டு வெளி வராந்தாவில் உட்கார்ந்து அழுதேன். ஒரு கட்டியாவது தெரிந்திருந்தால் எனக்கு வலிக்கிறது என்று மற்றவர்கள் நம்புவார்களே என்றுகூட ஒரு நொடி நினைத்தேன். அந்த நினைப்பு வந்ததே எனக்குப் பயமாக இருந்தது. ஒரு டாக்டர், "மனசுல ஏதாவது கவலை இருக்காம்மா?" என்று கேட்டார். கேட்டதில் தப்பில்லை, கேட்ட தொனியில்தான் எல்லாம் இருந்தது. பக்கத்தில் இருந்த என் கணவர் தலையைக் குனிந்துகொண்டார். இன்னொருவர் பித்தப்பையை எடுத்துப் பார்க்கலாம் என்றார். அதில் கல் இல்லை, வீக்கமும் இல்லை. வேறொரு டாக்டரிடம் கேட்டோம், அவர் வேண்டவே வேண்டாம் என்றார், அதோடு அந்தப் பேச்சு நின்றது.

இந்தக் கட்டத்தில் இருப்பவர்களுக்கு மூன்று விஷயம் சொல்ல வேண்டும். முதலாவது, எல்லா ரிப்போர்ட்டையும் தேதி வாரியாக ஒரே கோப்பில் வையுங்கள். எங்கள் மருத்துவச் செலவில் பாதிக்கு மேல், முன்பே எடுத்த சோதனையைப் புது இடத்தில் மறுபடி எடுத்ததற்குப் போனது. "இந்தச் சோதனையில என்ன வந்தாலும் சிகிச்சை மாறுமா டாக்டர்?" என்று மரியாதையாகக் கேளுங்கள். மாறாது என்றால் அது எதற்கு? இரண்டாவது, வலிக்குக் காரணம் இல்லை என்று நீங்களாக முடிவுகட்ட வேண்டாம். காரணமில்லாமல் எடை குறைவது, மலத்தில் ரத்தம், விடாத காய்ச்சல், ரத்தசோகை, தூக்கத்திலிருந்து எழுப்பிவிடும் வலி, இதில் எது வந்தாலும் பழைய ரிப்போர்ட் நார்மல் என்று சும்மா இருக்கக் கூடாது, உடனே காட்ட வேண்டும். மூன்றாவது, காரணம் புலப்படாத வலிக்குக் கத்தி வைக்கலாம் என்று யார் சொன்னாலும் இரண்டாவது கருத்து கேட்காமல் சம்மதிக்காதீர்கள்.

சரி, வீட்டுக்கு வருவோம். டாக்டர்கள் காரணம் சொல்லாத இடத்தை உறவுக்காரர்கள் நிரப்பினார்கள். "குலதெய்வத்துக்கு ஏதாவது வேண்டிக்கிட்டு விட்டுட்டியா?" என்றார் பெரிய அத்தை. "போன ஜென்மத்துல என்ன பண்ணினோமோ" என்றார் ஒரு மாமா. அவர் அதை ஆறுதலாகத்தான் சொன்னார். "சாமி தாங்குறவங்களுக்குத்தான் சோதனை கொடுக்கும்" என்று ஒருவர், "இன்னும் நம்பிக்கை வேணும்மா" என்று இன்னொருவர். யாரும் கெட்டவர்கள் இல்லை. என்மேல் பாசம் இருந்ததால்தான் வந்து பேசினார்கள். ஆனால் ஒவ்வொரு பேச்சும் எங்கோ சுற்றி வந்து என் மேல் ஒரு குற்றத்தை வைத்துவிட்டுப் போனது. வலி உடம்பில் இருந்தது, குற்றம் மனதில் ஏறியது. இப்போது நினைத்துப் பார்த்தால் என் பக்தியை அசைத்தது வலி இல்லை என்றுதான் தோன்றுகிறது. வலிக்கு ஆளாளுக்குச் சொன்ன காரணங்கள்தான் அசைத்தன. ஒவ்வொரு காரணத்தையும் நம்பிப் பார்த்தேன், ஒவ்வொன்றும் கடவுளைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கொடூரமானவராகக் காட்டியது.

பரிகாரங்களுக்கும் நிறையப் பணம் போனது. ஒரு ஜாதகம் பார்ப்பவர் சொன்னதைச் செய்தோம், சரியாகவில்லை என்றதும் முதல் பரிகாரம் முழுமையாகவில்லை என்று அடுத்ததைச் சொன்னார். ஒருவர் மாத்திரைகளை நிறுத்தினால்தான் பூஜை பலிக்கும் என்றார். அந்த வார்த்தையைக் கேட்டதும் என் கணவர் என் கையைப் பிடித்து எழுப்பிக் கூட்டிக்கொண்டு வந்துவிட்டார், அதற்கு இன்றைக்கும் அவருக்கு நன்றி சொல்கிறேன். வழிபாட்டுக்குச் செலவு செய்வதை நான் குறை சொல்லவில்லை. மனசு கேட்டால் செய்யலாம். ஆனால் கடன் வாங்கிச் செய்யாதீர்கள், மருந்துக்கு ஒதுக்கிய பணத்தைத் தொடாதீர்கள். முதலில் பயமுறுத்திவிட்டு அப்புறம் செலவு சொல்லுகிறவரிடம் மறுபடி போகாதீர்கள். மருந்தை நிறுத்தச் சொல்லுகிறவர் எவ்வளவு பெரிய பக்தராகத் தெரிந்தாலும் அந்த இடத்தை விட்டு எழுந்துவிடுங்கள்.

செலவே இல்லாத பரிகாரம் ஒன்றையும் சொன்னார்கள். அதுதான் என்னை அதிகமாக வருத்தியது. அப்பர் சுவாமிகளின் முதல் பதிகம், 'கூற்றாயினவாறு விலக்ககிலீர்' என்று தொடங்குவது, நாலாம் திருமுறையின் முதல் பதிகமும் அதுதான். சூலை என்ற தீராத வயிற்று வலியோடு, வயிற்றைப் பிடித்துக்கொண்டு, அக்கா திலகவதியாரைத் தேடிவந்து, திருவதிகை வீரட்டானத்தில் அவர் பாடியது. பாடி முடித்ததும் சூலை நீங்கியது என்பது வரலாறு. "தினம் பாடு, அப்பருக்கே போன வலி உனக்குப் போகாதா?" என்றார் பெரிய அத்தை. பாடினேன். விடியற்காலையில் எழுந்து, குளித்து, விளக்கேற்றிப் பாடினேன். நிற்க முடியாத நாட்களில் சுவரில் சாய்ந்துகொண்டு பாடினேன். மாதங்கள் போயின. வலி அப்படியே இருந்தது. மற்ற பரிகாரம் பலிக்காதபோது சொன்னவரைக் குறை சொல்ல முடிந்தது. இது பலிக்காதபோது யாரைச் சொல்வது? ஒன்று பதிகம் பொய், இல்லாவிட்டால் நான் பொய். இந்த இரண்டில் ஒன்றைத் தேர்ந்தெடுக்கச் சொல்லி யாரோ கழுத்தைப் பிடித்தது மாதிரி இருந்தது.

அதற்கப்புறம் வந்த மாதங்கள்தான் மோசமானவை. விளக்கு ஏற்றுவேன், உள்ளே ஒன்றும் நடக்காது. கோயிலில் எல்லோரும் கண்ணை மூடி நிற்கும்போது நான் கண்ணைத் திறந்து அவர்களைப் பார்த்துக்கொண்டிருப்பேன். நன்றாக இருக்கிற குடும்பங்களைப் பார்த்தால் பொறாமை வந்தது. என் அம்மா விழுந்து கும்பிடுவதைப் பார்த்தால் கோபம் வந்தது. விட்டுவிடலாம் என்றுகூட நினைத்தேன். விட்டவர்கள் எனக்குத் தெரிந்து சிலர் இருக்கிறார்கள், நேர்மையான மனிதர்கள், அவர்கள் மேல் எனக்கு மரியாதை உண்டு. ஆனால் சாமி இல்லை என்று சொல்லிப் பார்த்தபோதும் எனக்கு வலி குறையவில்லை, கோபமும் குறையவில்லை. இல்லாதவர் மேல் இவ்வளவு கோபம் எப்படி வரும் என்று ஒரு நாள் எனக்கே தோன்றியது. கோபம் இருக்கிற வரைக்கும் உறவு முறியவில்லை என்று அப்போதுதான் கொஞ்சம் கொஞ்சமாகப் புரிந்தது.

திரும்பவும் அந்தப் பதிகத்தை எடுத்தது மருந்தாக இல்லை. அதில் என்னதான் இருக்கிறது என்று பார்க்கத்தான். பாட்டை நிறுத்திவிட்டு, உட்கார்ந்து, உரை வைத்துப் படித்தேன். இத்தனை நாள் வாயில் வந்துபோன வரிகளை அன்றைக்குத்தான் கேட்டேன் என்று சொல்ல வேண்டும். இரண்டாவது வரியிலேயே 'கொடுமைபல செய்தன நான் அறியேன்' என்கிறார். என்ன கொடுமை செய்தேனோ எனக்குத் தெரியவில்லையே என்கிறார். அடுத்த பாட்டில் 'நெஞ்சம் உமக்கே இடமாக வைத்தேன், நினையாதொருபோதும் இருந்தறியேன்' என்று தன் பக்கத்தைச் சொல்லிவிட்டு, 'வஞ்சம் இது ஒப்பது கண்டறியேன்' என்று போடுகிறார். இப்படி ஒரு வஞ்சத்தை நான் பார்த்ததே இல்லை என்று சாமியைப் பார்த்துச் சொல்கிறார்! முடிக்கும்போது 'அஞ்சேலும் என்னீர்', பயப்படாதே என்று ஒரு வார்த்தைகூடச் சொல்ல மாட்டேன் என்கிறீரே என்கிறார். பின்னால் ஒரு பாட்டில் பூவையும் புகையையும் தமிழ்ப் பாட்டையும் ஒருநாளும் மறந்ததில்லை என்று கணக்குக் காட்டுகிறார். நானும் அதே கணக்கைத்தான் ராத்திரியெல்லாம் மனதுக்குள் போட்டுக்கொண்டு, அப்படிப் போடுவதே பாவம் என்று பயந்துகொண்டிருந்தேன்.

அப்பருக்குக் காரணம் இருந்ததே, அவர் சைவத்தை விட்டுச் சமணத்துக்குப் போயிருந்தாரே, திருப்பிக் கூப்பிடத்தானே சூலை வந்தது என்று கேட்பவர்கள் உண்டு. அது பன்னிரண்டாம் நூற்றாண்டில், பெரியபுராணம் பாடிய சேக்கிழார் அவருடைய வாழ்க்கை முழுவதையும் சேர்த்து வைத்துப் பார்த்துச் சொன்னது. ஏழாம் நூற்றாண்டில் குடல் முறுக்க அங்கே நின்றுகொண்டிருந்தவர் வாயிலிருந்து வந்தது 'நான் அறியேன்' என்பதுதான். வலிக்கிறவரின் கண்ணுக்குத் தெரிவது அவ்வளவுதான். அதை வைத்துக்கொண்டே அவர் பாடினார், அதைத் திருமுறையில் சேர்த்தும் வைத்தார்கள். காரணம் தெரிந்தால்தான் கும்பிட முடியும் என்று எனக்குள் இருந்த ஒரு நிபந்தனை அன்றைக்கு உடைந்தது.

இன்னும் தேடினேன். சுந்தரர் இரண்டு கண்ணும் போய்த் தடுமாறிக்கொண்டு திருவாரூருக்கு வந்து பாடிய பதிகம் இருக்கிறது. காஞ்சியில் ஒரு கண் கிடைத்திருந்தது, மற்றது கிடைக்கவில்லை. உமக்கே மீளாத அடிமையாகி, வேறு யாரையும் வேண்டாமல், மூளாத தீயைப் போல உள்ளுக்குள் கனன்று, முகம் வாடிப்போனவர்கள் தங்கள் துன்பத்தைச் சொன்னால் நீர் பாட்டுக்கு இருக்கிறீரே, 'வாழ்ந்து போதீரே' என்கிறார். நல்லா இரும் என்று நாம் யாரிடம் சொல்வோம்? ரொம்ப நெருக்கமான ஒருவர் கைவிட்டால்தான் வரும் அந்த வார்த்தை. தம்பிரான் தோழர், அதாவது சிவனுக்கே தோழர், என்று பெயர் வாங்கியவர் அதைச் சொன்னார். புலம்பல் பக்திக்கு எதிரி என்று எனக்கு யார் சொல்லிக்கொடுத்தார்கள் என்று தெரியவில்லை. நம் பாட்டுகள் அப்படிச் சொல்லவில்லை.

சாமியிடம் பேரம் பேசும் பழக்கத்தை விட்டுவிட எனக்கு உதவியது மகாபாரதம். வன பருவத்தில் எல்லாம் இழந்து காட்டில் கிடக்கும்போது திரௌபதி தருமரிடம் வெடிக்கிறாள். நீர் தருமத்தை விட்டதே இல்லை, தருமம் உம்மை ஏன் காப்பாற்றவில்லை என்று கேட்கிறாள். மனிதர்களைப் படைத்தவன் பொம்மைகளைப் போல ஆட்டுகிறான் என்கிறாள். தருமர் அதற்குக் காரணம் ஒன்றும் கண்டுபிடித்துச் சொல்வதில்லை. பலனுக்காக நான் தருமம் செய்யவில்லை, பலனைக் கறக்க நினைக்கிறவன் தருமத்தை வியாபாரம் செய்கிறவன் என்கிறார். புறநானூற்றிலும் ஆய் என்ற வள்ளலைப் பற்றி முடமோசியார், இங்கே செய்தது மறுமைக்கு ஆகும் என்று கணக்குப் பார்க்கிற 'அறவிலை வணிகன்' அல்லன் இவன் என்று பாடியிருக்கிறார். எனக்குத் திரௌபதியின் கேள்வியும் வேண்டும், தருமரின் பதிலும் வேண்டும். கேள்வி கேட்டதற்காக அவளைச் சின்னவளாக்கிப் பேசுவது எனக்குப் பிடிக்காது. ஆனால் வலி போனால் இது செய்கிறேன், அது செய்கிறேன் என்று நான் கட்டிக்கொண்டிருந்த வேண்டுதல்கள் என்னைத்தான் இறுக்கின. ஒவ்வொரு வேண்டுதலும் ஒரு தேதி, ஒவ்வொரு தேதியும் ஒரு ஏமாற்றம். நோயாளிகளுக்கு நான் சொல்வது இதுதான்: வலி குறையட்டும் என்று கேளுங்கள், தாராளமாகக் கேளுங்கள், கெடு மட்டும் வைக்காதீர்கள்.

இதற்கிடையில் ஒரு டாக்டர் என்னை வலி சிகிச்சைப் பிரிவுக்கு அனுப்பினார். முதல் வருடமே போயிருக்க வேண்டிய இடம், அப்படி ஒரு பிரிவு இருப்பதே எங்களுக்குத் தெரியாது. அங்கே இருந்தவர் என் கோப்பை முழுதாகப் படித்துவிட்டு, "வலி பொய் இல்லம்மா. நாங்க எடுத்த சோதனை எல்லாம் புண்ணு இருக்கா, அடைப்பு இருக்கான்னு பார்க்கிறது. நரம்பும் மூளையும் வலியை எப்படிக் கையாளுதுன்னு அதுல தெரியாது" என்றார். குடலில் நடக்கிற சாதாரண அசைவைக்கூட நரம்பு மண்டலம் ஆபத்தாக எடுத்துக்கொள்ளும் நிலை உண்டு என்றும், மூன்று மாதத்துக்கு மேல் நீடிக்கிற இப்படிப்பட்ட வலியைத் தனி நோயாகவே உலக சுகாதார நிறுவனம் 2022-இல் நடைமுறைக்கு வந்த நோய்ப் பட்டியலில் சேர்த்திருக்கிறது என்றும் விளக்கினார். பெயர் கிடைத்தது. ஏன் எனக்கு வந்தது என்பதற்கு அவரிடமும் பதில் இல்லை. இல்லை என்று அவர் நேராகச் சொன்னதே எனக்குப் பெரிய மரியாதையாகப் பட்டது.

மனச்சோர்வு நோய்க்குக் கொடுக்கிற அமிட்ரிப்டிலின் வகை மாத்திரையைக் குறைந்த அளவில் கொடுத்தார். இதைப் பார்த்து, நம்மைப் பைத்தியம் என்று நினைக்கிறார்கள் என்று நிறையப் பேர் மருந்துக் கடையோடு திரும்பிவிடுகிறார்கள். அந்த அளவில் அது நரம்பு வலிக்கு வேலை செய்கிறது. பலன் தெரியச் சில வாரம் ஆகும், முதலில் வாய் உலரும், தூக்கம் தள்ளும், டாக்டரைக் கேட்காமல் திடீரென்று நிறுத்தக் கூடாது. கூடவே தினமும் கொஞ்சம் நடை, ஒரே நேரத்தில் தூக்கம், வலியோடு வாழப் பழக்கும் மனநல ஆலோசனை. வலி முழுதாகப் போகவில்லை. வருகிற நாட்கள் குறைந்தன, வந்தாலும் தரையில் கிடத்துவதில்லை.

அவர் இரண்டாவது சந்திப்பில் கேட்ட ஒரு கேள்வியை நான் மறக்க மாட்டேன். "சாமி மேல கோபமா இருக்கீங்களா?" கழுத்தில் ஸ்டெதாஸ்கோப்போடு ஒருவர் அப்படிக் கேட்டு நான் பார்த்ததில்லை. லண்டனில் 1967-இல் செயின்ட் கிறிஸ்டோபர் ஹாஸ்பிஸை (இறுதிக்கால நோயாளிகளைப் பராமரிக்கும் இல்லத்தை) தொடங்கிய சிசிலி சாண்டர்ஸ் என்ற மருத்துவர், வலி என்பது உடம்பு, மனசு, குடும்பம், ஆன்மா என்று நாலிலும் சேர்ந்து இருக்கிறது, நாலையும் கேட்டால்தான் வைத்தியம் ஆகும் என்று சொல்லிக்கொடுத்தவர் என்றார். பிறகு நானே தேடிப் படித்ததில், கென்னத் பார்கமென்ட் என்ற உளவியலாளரின் குழு 2001-இல் வெளியிட்ட ஆய்வு கண்ணில் பட்டது. மருத்துவமனையில் இருந்த ஏறத்தாழ 600 முதியவர்களை இரண்டு வருடம் தொடர்ந்து பார்த்ததில், கடவுள் கைவிட்டுவிட்டார் என்ற எண்ணம் போன்ற மதம் சார்ந்த தவிப்பு உள்ளவர்களிடம் இறப்பு கூடுதலாக இருந்தது. படித்ததும் பயந்தேன். 2004-இல் அதே குழு, அந்தத் தவிப்பு வந்து போனவர்களைவிட அதிலேயே நீண்ட நாள் சிக்கிக் கிடந்தவர்களுக்குத்தான் உடல்நிலை அதிகமாகக் கெட்டது என்று எழுதியிருந்தது. தவிப்பு வருவதைத் தடுக்க யாராலும் முடியாது. அதைத் தனியாகச் சுமந்துகொண்டு வருடக்கணக்கில் இருக்காதீர்கள். காது கொடுத்துக் கேட்கிற ஒரு பெரியவர், ஓதுவார், பாதிரியார், ஹஜ்ரத், ஆலோசகர், யாராவது ஒருவரிடம் அப்படியே சொல்லுங்கள். உடனே அறிவுரை சொல்ல ஆரம்பிக்கிறவரை விட்டு வேறொருவரைத் தேடுங்கள். செத்துவிடலாம் என்ற எண்ணம் வந்தால் அதைப் பக்திப் பிரச்சினையாக எடுத்துக்கொண்டு காத்திருக்க வேண்டாம், அன்றைக்கே வீட்டில் ஒருவரிடமும் டாக்டரிடமும் சொல்லிவிட வேண்டும்.

வழிபாட்டில் நான் மாற்றிக்கொண்டதைச் சொல்கிறேன். நீளமாகச் செய்ய வேண்டும் என்ற கட்டாயத்தை விட்டேன். வலி இருந்தாலும் இல்லாவிட்டாலும் ஒரே ஒரு பாட்டு, அவ்வளவுதான். வலி இருக்கிற அன்று கூட்டிப் பாடுவதில்லை, இல்லாத அன்று விடுவதும் இல்லை. அப்படி இருந்ததால் பாட்டுக்கும் வலிக்கும் இருந்த முடிச்சு அவிழ்ந்தது. குளிக்காமல், படுத்தபடி, வாய்க்குள் சொன்னாலும் சரி என்று வைத்துக்கொண்டேன். அதுவும் முடியாத நாளில் என் கணவர் படிப்பார், நான் கேட்பேன். அவருக்கு ராகம் தெரியாது, செய்தித்தாள் படிக்கிற மாதிரிதான் படிப்பார், எனக்கு அது போதும். கோபம் வருகிற நாளில் சொந்த வார்த்தையில் திட்டுவதைவிட சுந்தரர் வார்த்தையில் சொல்கிறேன், எனக்கு முன்னால் ஒருவர் இதே இடத்தில் நின்றிருக்கிறார் என்று தெரிகிறது.

வினையைப் பற்றிக் கேட்பீர்கள். நான் நம்புகிறவள்தான், சைவத்தில் பிறந்து வளர்ந்தவள். ஆனால் எந்த வினை எந்த வலியாக வந்தது என்று வாசிக்கிற கண் எந்த மனிதருக்கும் இல்லை. என் வாழ்க்கையை நானே ஏற்றுக்கொள்ள அது எனக்கு உதவுமானால் வைத்துக்கொள்கிறேன், பக்கத்துக் கட்டிலில் கிடப்பவருக்கு அதை எடுத்துக் கொடுக்க எனக்கு உரிமை இல்லை. இதைச் சொன்னபோது பெரிய அத்தைக்கு மனத்தாங்கல். இன்றைக்கும் நாங்கள் இருவரும் இதில் ஒத்துப்போகவில்லை.

கூட இருப்பவர்களுக்கும் கொஞ்சம் சொல்ல வேண்டும், அவர்களும் தெரியாமல்தான் பேசுகிறார்கள். மருத்துவமனையில் பக்கத்துக் கட்டிலில் இருந்த ஒரு கிறிஸ்தவ அம்மா எனக்கு பைபிளில் வருகிற யோபுவின் கதையைச் சொன்னார். எல்லாம் இழந்து உடம்பெல்லாம் புண்ணோடு உட்கார்ந்திருந்த யோபுவைப் பார்க்க வந்த நண்பர்கள் ஏழு நாள் ராப்பகலாக ஒரு வார்த்தையும் பேசாமல் தரையில் கூடவே உட்கார்ந்திருந்தார்களாம். அப்புறம் வாயைத் திறந்து, நீ ஏதோ தப்பு செய்திருக்கிறாய் என்று காரணம் சொல்ல ஆரம்பித்தார்கள். கடைசியில் கடவுள் கோபித்துக்கொண்டது கேள்வி கேட்ட யோபுவை விட அந்த நண்பர்கள் மேல்தான். ஆகவே வலியில் இருப்பவரைப் பார்க்கப் போகிறவர்கள் காரணம் எதையும் கொண்டுபோக வேண்டாம். "இப்ப என்ன செய்யட்டும்?" என்று கேளுங்கள். பிள்ளையைப் பள்ளிக்கூடத்திலிருந்து கூட்டி வருகிறேன், அடுத்த சந்திப்புக்கு நான் கூட வந்து டாக்டர் சொல்வதை எழுதிக்கொள்கிறேன் என்று குறிப்பாகச் சொல்லுங்கள், ஏனென்றால் வலிக்கிறவருக்கு என்ன உதவி வேண்டும் என்று யோசிக்கவே தெம்பு இருக்காது. உனக்காகக் கும்பிட்டேன் என்று சொல்வது நல்லதுதான், சொல்லுங்கள். கும்பிட்டேனே இன்னுமா சரியாகவில்லை என்று மட்டும் அடுத்த வாரம் வந்து கேட்காதீர்கள்.